'அவன் ஏன் அப்படிப் பண்றான்?': ஆட்டிசம் பற்றிப் பிள்ளைகளோடு கதைப்புத்தகம் வழியாகப் பேசுவது எப்படி?

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறை கதை சொல்லப் போய்க்கொண்டிருந்தேன். அந்த வகுப்பில் ஜன்னலோரம் ஒரு பையன். ஆண்டு விழாவுக்காக ஒருநாள் மைக் டெஸ்ட் செய்தார்கள். ஸ்பீக்கர் கீச்சென்று அலறியதும் அவன் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டான். அழுகையும் கத்தலும் அடங்க அரை மணி நேரம் ஆனது. எனக்கு ஒரு வேகம். அடுத்த வாரமே ஆட்டிசம் பற்றிய படக்கதைப் புத்தகம் ஒன்றை எடுத்துப்போய் வாசிக்க ஆரம்பித்தேன். மூன்றாவது பக்கத்தில் ஒரு தலை ஜன்னல் பக்கம் திரும்பியது. ஐந்தாவது பக்கத்துக்குள் வகுப்பே திரும்பிவிட்டது. "அக்கா, இது இவன்தானே?" என்று ஒருத்தி சத்தமாகவே கேட்டுவிட்டாள். அவன் யாரையும் பார்க்கவில்லை. தண்ணீர் பாட்டிலின் வாரைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தான்.

சாயங்காலம் கேட்டருகே அவனுடைய அம்மா கோபப்படக்கூட இல்லை. "எங்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்றார், அவ்வளவுதான். சொந்தக்காரர்களிடம்கூட அவர் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

புத்தகத்தின் மேல் குறை இல்லை. எடுத்துப்போன நேரமும் விதமும்தான் தப்பு. அதற்கப்புறம் பட்டும் கேட்டும் தெரிந்துகொண்டதை, இப்போதுதான் தொடங்கும் ஆசிரியர்கள், தன்னார்வலர்கள், வீட்டில் அண்ணன் ஒருவன் வேறுமாதிரி இருப்பதைத் தங்கைக்கு எப்படிச் சொல்வது என்று தவிக்கும் பெற்றோர் ஆகியோருக்காக எழுதிவைக்கிறேன்.

முதலில் நீங்கள் தெளிவாகுங்கள்

ஆட்டிசம் நோய் இல்லை. மூளை வளரும் விதத்திலேயே அமைந்துவிடும் ஒரு வேறுபாடு. பேச்சு, பிறரோடு பழகுவது, சத்தத்தையும் வெளிச்சத்தையும் தொடுதலையும் உணர்வது, பழகிய ஒழுங்கை விடாமல் பிடித்துக்கொள்வது என்று பல இடங்களில் அது தெரியும். 1950, 60களில் அமெரிக்காவில் 'அம்மாவிடம் பாசம் போதவில்லை, அதனால்தான் வந்தது' என்று மருத்துவர்களே நம்பினார்கள். ஆய்வுகள் அந்தக் கதையைத் தூக்கிப்போட்டு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. நம் ஊரில் அதே பழி இப்போது 'செல்போன் கொடுத்துக் கெடுத்துட்டா' என்ற உருவில் சுற்றுகிறது. பிள்ளைகள் வீட்டில் கேட்டதை அப்படியே வகுப்பில் வந்து சொல்வார்கள். பதில் உங்களிடம் தயாராக இருக்க வேண்டும்.

2021 கணக்குப்படி உலகில் சுமார் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்நூறு பேர் படிக்கும் பள்ளியில் மூன்று நான்கு பேராவது இருப்பார்கள். அதனால் 'என் வகுப்பில் யாரும் இல்லையே' என்று நினைத்துக்கொண்டு பேசாதீர்கள். கண்டறியப்படாத பிள்ளை, அதிலும் பெண் பிள்ளை, முதல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

'லேசான ஆட்டிசம், கடுமையான ஆட்டிசம்' என்று ஒரே கோட்டில் ஏற்றி இறக்கிச் சொல்வதையும் விட்டுவிடுங்கள். கோயில் திருவிழாவில் மைக் செட்காரரின் மேசையைப் பார்த்திருப்பீர்கள், வரிசையாகக் குமிழ்கள். ஒருவனுக்குச் சத்தக் குமிழ் உச்சியில், பேச்சுக் குமிழ் நடுவில். இன்னொருத்திக்குப் பேச்சு சரளம், ஆனால் சட்டை லேபிள் கழுத்தில் உரசினால் அன்றைய நாளே போச்சு. பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரிகிறது. பெரியவர்களுக்குத்தான் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்புறம், பெயர். மதியிறுக்கம், தற்புனைவு ஆழ்வு என்றெல்லாம் சொற்கள் புழங்குகின்றன. நான் ஆட்டிசம் என்றே சொல்கிறேன். 'மதி' என்று தொடங்கினால் கேட்பவர் மனம் நேராக 'புத்தி கம்மி' என்ற இடத்துக்கு ஓடிவிடுகிறது. நீங்கள் முதலில் படிக்கத் தமிழிலேயே புத்தகம் இருக்கிறது. யெஸ். பாலபாரதியின் 'ஆட்டிசம்: சில புரிதல்கள்' பெற்றோர் நடையில் எழுதப்பட்டது, எளிது.

எப்போது வாசிப்பது, யாரிடம் கேட்பது

சம்பவம் நடந்த சூட்டில் வாசிக்கக் கூடாது. நான் செய்த தப்பு இதுதான். வகுப்பில் ஏதாவது நடந்துவிட்டால் சில வாரம் போகட்டும். எதுவும் நடக்காத ஒரு சாதாரண நாளில், வேறு கதைகளுக்கு நடுவே ஒன்றாக வர வேண்டும். ஏப்ரல் 2 உலக ஆட்டிச விழிப்புணர்வு நாள். அன்று மட்டும் நீல பலூன் கட்டி ஒரு புத்தகம் வாசித்து முடித்துக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. போதாக்குறைக்கு நம் பள்ளிகளில் அது ஆண்டுத் தேர்வு நேரம் வேறு.

ஆட்டிசம் உள்ள பிள்ளை வகுப்பில் இருப்பது தெரிந்தால் பெற்றோரிடம் புத்தகத்தையே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டியதுதான். சரி என்றால், அந்தப் பிள்ளைக்கும் முன்கூட்டியே தனியாகக் காட்டுங்கள். வகுப்பில் வாசிக்கும்போது இருக்கிறாயா, நூலகத்துக்குப் போகிறாயா என்று கேளுங்கள். பேசாத பிள்ளை என்றால் இரண்டு படம் காட்டி ஒன்றைத் தொடச் சொல்லலாம். வகுப்பில் எந்தக் காரணத்துக்காகவும் அவன் பெயரையோ அவனுக்கு ஆட்டிசம் என்பதையோ உங்கள் வாயால் சொல்லாதீர்கள். அதைச் சொல்வதா வேண்டாமா என்பது அந்தக் குடும்பத்தின் முடிவு. உள்ளூர் சிறப்புப் பயிற்றுநர் இருந்தால் அவரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. அந்தப் பிள்ளைக்கு எது ஆகாது என்று நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

எந்தப் புத்தகம்?

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். அட்டையில் 'ஆட்டிசம்' என்று போட்டிருந்தாலே நல்ல புத்தகம் என்று ஆகிவிடாது. நான் முதலில் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான். கதையில் வரும் ஆட்டிசப் பிள்ளைக்கு ஏதாவது ஆசை இருக்கிறதா? ஊஞ்சல் வேண்டும், மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், பிறந்தநாளுக்கு யாரும் வராமல் இருந்தால் தேவலை, எதுவாகவும் இருக்கட்டும். நிறையக் கதைகளில் அவனுக்கு ஒன்றுமே இருக்காது. அக்காவோ தோழனோ அன்பு கற்றுக்கொள்வதற்கு ஒரு பாடமாக மூலையில் உட்கார்ந்திருப்பான். படங்களை மட்டும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். எல்லாப் பக்கத்திலும் அவன் தனியாக, முதுகு காட்டியபடி இருந்தால் அந்தப் புத்தகத்தைத் திரும்ப வைத்துவிடலாம்.

அடுத்து, முடிவு. எல்லோரும் கேலி செய்த பையன் கடைசியில் பெரிய கணக்கை நொடியில் போட்டுக் காட்டுவான், வகுப்பே கைதட்டும். நம் சினிமாவும் இந்த வழியில் போய்ப் பழகியதுதான். அப்படியானால் கணக்கு வராத ஆட்டிசப் பிள்ளைக்குக் கூட்டாளி கிடைக்க மாட்டானா? இதுவரை பேசாத பிள்ளை கடைசிப் பக்கத்தில் 'அம்மா' என்று சொல்ல, எல்லோரும் கண்கலங்கும் முடிவும் இதே ரகம். மாறினால்தான் மதிப்பு என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள்.

யார் மாறுகிறார்கள் என்று பாருங்கள். அமெரிக்காவின் 'செசமி ஸ்ட்ரீட்' குழந்தைகள் நிகழ்ச்சியில் ஜூலியா என்ற ஆட்டிசச் சிறுமி பொம்மை உண்டு. 2015இல் இணையப் படக்கதையாக வந்து, 2017 ஏப்ரலில் தொலைக்காட்சிக்கு வந்தாள். அவளை இயக்கிய பொம்மலாட்டக் கலைஞரும் ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அம்மா. முதல் நிகழ்ச்சியில் பெரிய மஞ்சள் பறவை வந்து வணக்கம் சொல்கிறது. ஓவியம் வரைந்துகொண்டிருக்கும் ஜூலியா திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. 'என்னைப் பிடிக்கவில்லை போல' என்று பறவைக்கு வருத்தம். அப்புறம் ஓடிப்பிடித்து விளையாடும்போது அவள் உற்சாகத்தில் குதிக்கிறாள், மற்றவர்களும் குதித்துக்கொண்டே ஓடுகிறார்கள், விளையாட்டே புது விளையாட்டாகிவிடுகிறது. யாரும் அவளுக்கு ஒழுங்காக ஓடக் கற்றுக்கொடுப்பதில்லை. நான் தேடுவது இந்த மாதிரிக் கதையைத்தான்.

'பாவம்', 'தெய்வக் குழந்தை', 'வேறு உலகத்தில் வாழ்பவன்' போன்ற சொற்கள் வந்தால் உஷாராகுங்கள். 'பாவம்' என்று சொல்லிப் பழகிய பிள்ளை மிட்டாய் கொடுப்பான், ஆனால் தன் டீமில் சேர்த்துக்கொள்ள மாட்டான்.

எல்லாச் சோதனையிலும் தேறும் புத்தகம் அபூர்வம். எனக்கு மிகவும் பிடித்த ஒரு புத்தகத்தின் கடைசி இரண்டு பக்கம் வெறும் உபதேசம். அந்த இடத்தில் மூடிவிட்டு, "அப்புறம் என்ன ஆகியிருக்கும்?" என்று பிள்ளைகளிடமே கேட்டுவிடுகிறேன்.

வயதையும் பார்க்க வேண்டும். ஐந்து வயதுக்குள் ஆட்டிசம் என்ற சொல்லே தேவையில்லை. சத்தம் பிடிக்காத ஒரு பிள்ளையின் கதை போதும். ஆறிலிருந்து எட்டு வரை பெயர் சொல்லலாம். ஒன்பதுக்கு மேல், ஆட்டிசம் உள்ள சிறுவனோ சிறுமியோ தானே கதை சொல்வதுபோல் எழுதிய நீளமான கதைகள் நன்றாகப் பிடிக்கும்.

கிடைக்கும் இடங்கள்

ஆட்டிசத்தைப் பற்றிச் சிறு பிள்ளைகளுக்கென்று தமிழில் வந்த படக்கதைகள் குறைவுதான். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். வாசிப்புத் திறனுக்கு ஏற்ப நிலை பிரித்திருப்பார்கள், இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம், நாமே மொழிபெயர்த்தும் சேர்க்கலாம். சென்னையின் துளிகா பதிப்பகம் 1996இலிருந்து பல இந்திய மொழிகளில் படக்கதை போடுகிறது. மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகள் இயல்பாக வந்துபோகும் கதைகளும் அதில் உண்டு. மாவட்ட மைய நூலகத்தில் சிறுவர் பிரிவு இருந்தால் போய்த் துழாவுங்கள். அட்டவணையில் தேடினால் கிடைக்காது, அலமாரியில் தேடினால் கிடைக்கும்.

ஆங்கிலப் புத்தகம்தான் கிடைத்தது என்றால் படத்தைக் காட்டித் தமிழில் சொல்லுங்கள், வரிக்கு வரி மொழிபெயர்க்க வேண்டாம். படத்தில் இருக்கும் வெளிநாட்டுப் பொருள்கள் அப்படியே இருக்கட்டும், அவற்றைப் பற்றிப் பிள்ளைகளே நாலு கேள்வி கேட்பார்கள். கதையில் வரும் பிள்ளையின் மனசுக்குள் நடப்பதை மட்டும் நம் வாய்ப்பேச்சில் சொல்லுங்கள்.

வாசிக்கிற அன்று

புத்தகத்தைத் திறக்கும் முன் ஒரு கேள்வி கேட்கிறேன். "உங்களுக்குக் கேக்கவே பிடிக்காத சத்தம் எது?" கை எல்லாம் மேலே போகும். தெர்மாகோலைத் தேய்க்கிற சத்தம். கரும்பலகையில் நகம். தட்டில் கரண்டி உரசுவது. ஒருத்தி காற்றிலேயே தெர்மாகோலைத் தேய்த்துக் காட்டினாள், பத்துப் பேர் பல்லைக் கடித்துக்கொண்டு தோளைக் குறுக்கினார்கள். "சரி, அந்தச் சத்தம் நாள் முழுக்க நிக்காம கேட்டா?" என்றேன். வகுப்பு கொஞ்சம் அமைதியானது. இந்த இடத்தில் புத்தகத்தைத் திறக்கலாம்.

முன்பெல்லாம் இதற்குப் பதிலாக 'ஆட்டிசம் எப்படி இருக்கும் பார்க்கலாம்' என்று ஒருவனை நடுவில் உட்காரவைத்துச் சுற்றிலும் தட்டைத் தட்டச் சொல்வேன். பிள்ளைகளுக்கு அது கும்மாளமாகிவிட்டது, மறுநாள் மைதானத்திலும் அதை விளையாடினார்கள். நிறுத்திவிட்டேன்.

மெதுவாக வாசியுங்கள். கதையில் அந்தப் பிள்ளை கத்தி அழும் பக்கம் வரும். ஏறக்குறைய எல்லாப் புத்தகத்திலும் வரும். அங்கே நிறுத்துங்கள். முன்னால் போகாமல் பின்னால் திருப்புங்கள். "இதுக்கு முன்னாடி என்னென்ன நடந்துச்சு? கண்டுபிடிங்க பாப்போம்" என்று ஒவ்வொரு பக்கமாகப் பின்னோக்கிப் போங்கள். நான் கற்றுக்கொண்டதில் உருப்படியான ஒரே உத்தி இதுதான் என்று சொல்வேன். முதல் தடவை வாசிக்கும்போது யார் கண்ணிலும் படாதது இப்போது படும். ஓரத்தில் மினுக்கிக்கொண்டிருக்கும் டியூப் லைட், வழக்கமான இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பது, ஈரமான சட்டைக்கை, பக்கத்து வீட்டு குக்கர். துப்பறிவதென்றால் பிள்ளைகளுக்குச் சொல்லவா வேண்டும்? 'ஏன் அப்படிப் பண்றான்' என்று கேட்டவர்கள் 'ஐயோ, இவ்வளவு நடந்திருக்கா' என்பார்கள். காரணம் நீங்கள் சொல்லி வரவில்லை, அவர்களே எடுத்தது.

அடம் வேறு, இது வேறு என்பதையும் இதே பக்கத்தில் பேசிவிடலாம். அடம் பிடிக்கிறவன் ஓரக்கண்ணால் யாராவது பார்க்கிறார்களா என்று பார்ப்பான், கேட்டது கிடைத்தால் நிறுத்திவிடுவான். இது பானை நிறைந்து வழிவது மாதிரி. யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் வழியும், ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்தாலும் நிற்காது. சத்தம் குறைந்து, கூட்டம் விலகி, நேரம் ஆனால்தான் அடங்கும். தாங்கள் கடைசியாக அடம்பிடித்தது எதற்கு என்று கேட்டுப் பாருங்கள், எல்லோரும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்கள்.

வரப்போகும் கேள்விகள்

"தொத்துமா?" கட்டாயம் வரும், சிரிக்காதீர்கள். தொத்தாது. பக்கத்தில் உட்காரலாம், ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடலாம்.

"பெரியவனானா சரியாயிடுமா?" ஆட்டிசம் போய்விடாது, அவனோடு சேர்ந்து வளரும். அவன் நிறையக் கற்றுக்கொள்வான், நாமும் அவனைப் புரிந்துகொள்ளக் கற்றுக்கொள்வோம். பெரியவர்களான ஆட்டிசக்காரர்கள் வேலை பார்க்கிறார்கள், சிலருக்கு வாழ்நாள் முழுக்கத் துணை வேண்டியிருக்கிறது. இரண்டையும் சொல்லிவிடுங்கள்.

"பேசாதவனுக்கு ஒண்ணும் புரியாதில்ல?" வாயால் பேசாததும் புரியாததும் ஒன்றல்ல. படத்தைத் தொட்டால் அது பேசும்படியான செயலிகள் உண்டு. சென்னையிலேயே உருவான 'ஆவாஸ்' அப்படி ஒன்று. படஅட்டை நாலைந்து செய்து, வாய் திறக்காமல் ஒரு பென்சில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கேட்பவனைவிட, அவன் காட்டி முடிக்கும்வரை பொறுத்திருப்பவனுக்குத்தான் அது கஷ்டம் என்று அவர்களே கண்டுகொள்வார்கள்.

"டிவி விளம்பரத்தையே திரும்பத் திரும்பச் சொல்றானே?" அவனுக்கு அது வெறும் விளம்பரமாக இருக்காது. டீ விளம்பர வரியைச் சொன்னால் தாகம் என்று ஒரு வீட்டில் அர்த்தம். என்ன அர்த்தம் என்று கூடவே இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும், கேட்டுக்கொள்ளலாம்.

"அவனுக்கு மட்டும் ஏன் வெளியே போக விடுறீங்க?" இது நியாயமான கேள்வி, பொறாமை என்று தள்ளாதீர்கள். "சத்துணவுல முட்டை சாப்பிடாதவங்களுக்கு வாழைப்பழம் குடுக்குறோமே, அதை யாராவது அநியாயம்னு சொல்றோமா?" என்று கேட்டேன். ஒரு பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்கு ரெண்டும் வேணும்" என்றான். அதுவும் நியாயம்தான்.

"அக்கா, எனக்கும் அப்படித்தான் இருக்கு" என்று ஒரு பிள்ளை தனியாக வந்து சொல்லலாம். ஆமாம், இல்லை என்று நீங்கள் முடிவு சொல்லக் கூடாது. காது கொடுத்துக் கேளுங்கள், எந்தச் சத்தம், எந்த நேரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பெற்றோரிடம் பதற்றமில்லாமல் ஒரு பேச்சு.

வாசித்து முடித்த பிறகு

ஓவியப் போட்டி, உறுதிமொழி எல்லாம் வேண்டாம். 'இன்று யார் அவனுக்கு உதவியாளர்?' என்று முறை போடுவதும் வேண்டாம். கூட்டாளி என்பது டியூட்டியாகிவிடும். வகுப்பில் எதையாவது ஒன்றை மாற்றலாமா என்று மட்டும் கேளுங்கள். நாற்காலிக் காலுக்குப் பழைய டென்னிஸ் பந்தை அறுத்து மாட்டுவது, கைதட்டுவதற்குப் பதில் கையை மேலே ஆட்டுவது, மணி அடிக்கப்போவதை முன்கூட்டியே சொல்வது. எல்லாமே பிள்ளைகள் சொன்னவைதான்.

என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த அம்மாவின் சம்மதத்தோடு, வேறொரு புத்தகத்தை, நான்கு மாதம் கழித்து வாசித்தேன். ஜன்னலோரப் பையன் இடைவேளையில் வேப்பமரத்தடியில் தனியாகச் சுற்றிக்கொண்டே இருப்பான். தொட்டால் பிடிக்காது. ஒருநாள் இரண்டு பெண் பிள்ளைகள் கொஞ்சம் தள்ளி நின்று தட்டாமாலை தாமரைப்பூ பாடிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தார்கள். கை கோக்காமல், ஆளுக்கு ஒரு பக்கம். அவன் நிறுத்தவும் இல்லை, விலகிப் போகவும் இல்லை. அந்த வாரக் கடைசிக்குள் ஏழெட்டுப் பேர் சுற்றித் தலைகிறுகிறுத்து விழுந்துகொண்டிருந்தார்கள். அவன் மட்டும் விழவில்லை.

நீங்களே ஒன்று செய்துபாருங்கள்

பொருத்தமான புத்தகம் கிடைக்கவில்லையா, எட்டுப் பக்கத்தில் நீங்களே செய்யலாம். இரண்டு ஏ4 தாளை மடித்து நடுவில் ஸ்டேப்ளர் அடித்தால் போதும். பக்கத்துக்கு ஒரு வரி. பிள்ளைக்கு ஓர் ஆசை, ஓர் இடைஞ்சல், சுற்றியிருப்பவர்கள் மாற்றும் ஏதோ ஒன்று. உங்கள் வகுப்பில் இருக்கும் யாருடைய பெயரையும் சாயலையும் போடாதீர்கள். முடிந்தால் பெண் பிள்ளையை வையுங்கள். ஆண் பிள்ளைகளின் கதையாகவே வந்து குவிகிறது.

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கே உதவுவதற்காக எழுதும் 'சோஷியல் ஸ்டோரி' வேறு வகை. அமெரிக்க ஆசிரியை கரோல் கிரே 1990களின் தொடக்கத்தில் உருவாக்கியது. முடிவெட்டப் போனால் என்ன நடக்கும், பல் டாக்டர் என்ன செய்வார் என்று அவனுக்கு முன்கூட்டியே சொல்லும். அதைத் தெரபிஸ்ட் துணையோடு செய்யுங்கள், இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நான் செய்த புத்தகம் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை வேண்டும் என்று காத்திருக்கும் ஒரு சிறுமியின் கதை. வகுப்பில் வாசிக்கும் முன், அம்மா வழியாக ஜன்னலோரப் பையனுக்கு ஒரு பிரதி கொடுத்தனுப்பினேன், பிடிக்கவில்லை என்றால் வாசிப்பதில்லை என்று சொல்லி. மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தது. ஐந்தாம் பக்கத்தில் பஸ்ஸின் ஏறும் படியை நான் வலப்பக்கம் வரைந்திருந்தேன். அதைப் பென்சிலால் அழுத்தி அடித்துவிட்டு, இடப்பக்கம் இரண்டு படிகளும் கைப்பிடிக் கம்பியும் போட்டு அனுப்பியிருந்தான். அடுத்த பிரதியில் திருத்திவிட்டேன்.